சம்பந்தி விருந்தும் நூற்புழுப் பெட்டியும்

அன்றைக்கு அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். சம்பந்தி, சம்பந்தியம்மா, என் மனைவி, என் மகள், நான். மாப்பிள்ளைக்குப் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்கிற ஊரில் பகல் ஷிப்டு. அவர் பொழுது சாயத்தான் வந்தார். ஐந்து பேரும் ஒரே கண்ணாடிக் குவளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இலைகளை எடுத்து மேசையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் அந்தக் குவளை நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதில் அரைவாசித் தண்ணீர். அடியில் மகளின் கைப்பேசி வெளிச்சம். மேலே, சம்பந்தி பேப்பர் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடி. தண்ணீருக்குள் முடியைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டது மாதிரி ஏதோ மிதந்தது. அது அசைகிறதா, இல்லை எங்கள் மூச்சுக்காற்றில் தண்ணீர் அசைகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அது அசையவில்லையென்றால் வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் நின்ற காப்பிக் கன்றுகளுக்கு வேறு வழியில்லை என்பது மட்டும் தெரிந்தது.

என் மகளின் மாமனாரைக் கடைசிவரை ‘சம்பந்தி’ என்றுதான் கூப்பிட்டேன். அவரும் என்னை அப்படித்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆகாயத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்கிற ஆளின் கைச்சைகையை மட்டும் நம்பி, வீடு அளவு கண்டெய்னரைக் கப்பலுக்குள் இறக்கிய மனிதர். அந்தச் சைகைகள் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டன. வண்டியைப் பின்னால் எடுக்கிறவனுக்கும், பக்கத்து வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவளுக்கும், கோயில் கூட்டத்தில் தலைவருக்கும் கையால்தான் உத்தரவு. எனக்கென்று ஒன்று வைத்திருந்தார். ஒரு கையின் ஆள்காட்டி விரலைத் தரையைப் பார்க்க நீட்டிச் சின்னதாக வட்டம் போடுவார். மற்றக் கையை அதற்குமேல் ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்வார். ‘மெதுவாக இறக்கு’ என்று அர்த்தமாம். நான் வாயைத் திறந்து “ஒருவேளை...” என்று ஆரம்பித்தாலே அந்த விரல் சுற்ற ஆரம்பித்துவிடும்.

அவர் அப்படிச் செய்ததில் தப்பில்லை. நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் அன்று தூக்கம் வராது. அடுப்பை அணைத்தோமா என்று பாலத்தில் பாதி வழி வந்து மனைவிக்குப் போன் போடுவேன். பிழைப்புக்குக் குளிர்வண்டி ஓட்டுகிறேன். மீனை உறைய வைக்கிற வண்டி இல்லை. தயிர், பால், வெண்ணெய் இவற்றைக் குளிர்ச்சியாக வைத்திருந்து பிறையிலிருந்து ஜோர்ஜ் டவுன் கடைகளுக்குக் கொண்டுபோகிற வண்டி. இந்த வேலைக்குக் கவலைப்படுகிறவன்தான் சரி. தயிர் புளிப்பதற்கு முன்னாலேயே அவன் மனம் புளித்துவிடும்.

சம்பந்திக்குப் பாலிக் பூலாவ் பக்கம் ஒரு மலைச்சரிவு இருந்தது. அதில் முந்தைய சொந்தக்காரர் வைத்த பழைய லைபீரிகா காப்பி மரங்கள் நின்றன. உள்ளங்கையைவிடப் பெரிய இலை, பருத்த பழம், வறுத்தால் பலாப்பழ வாசம் அடிக்கும். கிரேனிலிருந்து இறங்கிய பிறகு அவர் அந்த மரங்களுக்கு இடையில் புதுக் கன்றுகள் நட்டார். கொட்டையை ஜோர்ஜ் டவுனில் வறுக்கிற ஒரு சீனரிடம் கொடுப்பார். அந்தக் காப்பியை ஊற்றுகிற கடையிலேயே உட்கார்ந்து குடித்துக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரிடம், “இது நம்ம கெபுன் காப்பி, நம்ம தோட்டத்துது, தெரியுமா?” என்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான் அத்தனை பாடும் என்று சம்பந்தியம்மா கேலி செய்வார்.

கன்றுகள் இடுப்பளவு வளர்ந்த பிறகு இலைகள் மஞ்சளாயின. உரம் பத்தவில்லை என்று நினைத்து, மாடு வளர்க்கிற கூட்டாளியிடமிருந்து பச்சைச் சாணமாக அள்ளிக் கொண்டுவந்து கொட்டினார். மஞ்சள் அதிகமானதே தவிரக் குறையவில்லை. ஒருநாள் ஒரு கன்றைப் பிடித்து லேசாக ஆட்டினார். ஆடுகிற பல் மாதிரி அது கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. தேய்ந்த பல்துலக்கி மாதிரி நாலு நார்தான் இருந்தது. மண்ணைக் கிளறினால், தவிட்டு நிறத் தலையும் கொழுத்த வெள்ளை உடம்புமாக, வளைந்து சுருண்டு கிடந்தன வேர்ப்புழுக்கள். பின்னால் வண்டாகிப் பறக்கப் போகிற ஜாதி.

அந்த வாரமே வீட்டில் பேச்சு முற்றியதாம். மகள் சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ளை, “அப்பா, சுத்தி இருக்கிற மலையெல்லாம் டுரியான், காசாக் கொட்டுது. நாம மட்டும் ஏன் லா இந்தக் காப்பியக் கட்டிக்கிட்டு அழணும்? வெட்டிட்டு டுரியான் வைப்போம்” என்றிருக்கிறார். “முள்ளு டுரியான் தலையில விழுந்தா ஆஸ்பத்திரி. காப்பி விழுந்தா கப்பு” என்று சம்பந்தி சிரித்து மழுப்பப் பார்த்திருக்கிறார். மகன் சிரிக்கவில்லை. கடைசியில் அவரே ஒரு வாக்குக் கொடுத்தார்: வருகிற தீபாவளிக்குள் கன்றுகள் நிமிர்ந்தால் இந்த வீட்டில் யாரும் டுரியான் பேச்சு எடுக்கக்கூடாது, நிமிரவில்லையென்றால் பாராங்குக் கத்தியைத் தானே தீட்டி மகன் கையில் கொடுத்துவிடுவதாக. கன்றுகளை மட்டுமில்லை, பழைய மரங்களையும் சேர்த்து வெட்டிக்கொள்ள. எனக்கு உள்ளூர மாப்பிள்ளை சொல்வதுதான் சரியென்று பட்டது. பெண்ணைக் கொடுத்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் வேரில்லாத கன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற படத்தை மகள் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்த பிறகு டுரியானைப் பற்றி நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

விவசாய இலாகாவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து பார்த்தார். விஷ மருந்தை ஊற்றினால் அது மேல்மண்ணோடு நின்றுவிடும், மழை பெய்தால் கீழே ஓடுகிற ஓடைக்குப் போய்விடும், அடியில் கிடக்கிற புழு சிரித்துக்கொண்டே இருக்கும் என்றார். அதற்குப் பதில் நூற்புழு விடச் சொன்னார். நூலைவிட மெல்லிய, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத புழு. நனைந்த மண்ணுக்குள் நீந்திப் போய், வேரைத் தின்கிற கொழுத்த புழுவைத் தேடிப் பிடித்து, அதன் வாய் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ உள்ளே புகுந்துவிடும். தன் வயிற்றில் சுமந்து வருகிற ஒரு கிருமியை அங்கே கக்கும். இரண்டொரு நாளில் பெரிய புழு செத்துப்போகும்; நூற்புழுக்கள் அதன் உடம்பையே தின்று பெருகி, கூட்டம் கூட்டமாக வெளியே வந்து அடுத்ததைத் தேடும். காப்பி வேரைத் தொடாது. மனிதனை ஒன்றும் செய்யாது. “இருக்கிற புழு பத்தாதுன்னு காசு கொடுத்து வேற புழு வாங்கப் போறாராம் இந்த மனுஷன்” என்று சம்பந்தியம்மா தெருவுக்கே சொன்னார். பச்சைச் சாண வாசத்துக்குத்தான் வண்டுகள் வந்து முட்டையிடுகின்றன என்று அந்த அதிகாரி சொன்னதுதான் சம்பந்திக்குப் பொறுக்கவில்லை. “சாணத்தையா குத்தம் சொல்றாங்க?” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் சாணத்தையெல்லாம் ஒரு மூலையில் குவித்து, மக்கட்டும் என்று தார்ப்பாய் போட்டு மூடினார். சரியென்று பட்டால் மானம் பார்க்காமல் மாறுகிற மனிதர்.

நூற்புழு பிறைக்குப் பக்கத்தில் ஜுருவில் ஒரு கடையில் கிடைத்தது. உயிருள்ள சாமான், களிமண் பொடி மாதிரி ஒன்றில் கலந்து பொட்டலமாக வரும். வெயில் ஆகாது, சூடு ஆகாது, உறையவும் கூடாது. குளிர்ச்சியிலேயே கொண்டுவர வேண்டும், பொழுது சாய்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். எங்கள் இரண்டு குடும்பத்திலும் குளிர்வண்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். கம்பெனி மேனேஜரிடம் கேட்டேன். சனிக்கிழமை கடைசி டெலிவரி முடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு முந்தின இரவு முழுக்க, பாலத்தில் நெரிசல் வந்தால், டயர் வெடித்தால், போலீஸ் நிறுத்தி ‘உள்ளே என்ன?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே கிடந்தேன். என் மனைவிக்கோ வேறு கவலை. கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டில் நாங்கள் இலை போட்டுச் சாப்பிட்டதில்லை. தள்ளித் தள்ளிப் போன விருந்து. “வெறும் புழுப் பொட்டியத் தூக்கிக்கிட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் போவீங்களா?” என்று கேட்டு, பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வாங்கி, பட்டுச் சேலையும் கட்டிக்கொண்டு குளிர்வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் பாடம்: “அங்க போயி புழு கிழுன்னு பேசாதீங்க. இலையில எது வச்சாலும் வேணாம்னு சொல்லாதீங்க. அவங்க எந்திரிக்கச் சொல்றதுக்கு முன்னால இலைய மூடாதீங்க.”

நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தி வாசலில் நின்று கைச்சைகை காட்டி வண்டியை ஓரமாக நிறுத்த வைத்தார். எஞ்சினை ஓட விட்டுவிட்டுத்தான் இறங்கினேன். எஞ்சின் ஓடினால்தான் பின்னால் குளிர் ஓடும். ஆனால் டீசல் புகை நேரே அடுப்படி ஜன்னலுக்குள் போனது. சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். “எஞ்சின நிறுத்துங்க சம்பந்தி. சாப்பிட்டுத்தானே போகப் போறீங்க? ஓடிரவா போறீங்க?” என்றார். நான், “இந்தப் பொட்டிய...” என்று இழுத்தேன். “சாப்பாடு வைக்கிற என் ஐஸ்பெட்டியில புழு வைக்க மாட்டேன், முன்னாலேயே சொல்லியாச்சு. முதல்ல சோறு. மத்ததெல்லாம் அப்புறம்.” மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது.

என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியும். எஞ்சின் நின்றாலும் கொஞ்ச நேரம் குளிர் தாங்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சாப்பிட்டு எழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அது சம்பந்தி விருந்து என்பதை மறந்துவிட்டேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல், நண்டுக் குழம்பு, மீன் பொரியல், கீரை, அப்பளம். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. சம்பந்தியே கரண்டியும் கையுமாக நின்று பரிமாறினார். ரசத்துக்கு ஒரு முறை சோறு, மோருக்கு ஒரு முறை சோறு. எனக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே என் வெள்ளை வண்டி. அதன் கூரையில் வெயில் தகதகத்தது. ஒவ்வொரு கவளமும் ஒரு யுகமாக இறங்கியது. நெற்றி வேர்வை இலையில் சொட்டியது. “காரம் ஜாஸ்தியா சம்பந்தி?” என்று கேட்டார் அவர். “இல்ல, நல்லா இருக்கு” என்றேன். அது பொய்யில்லை; இறைச்சி நன்றாகத்தான் இருந்தது. இலையில் பாயசம் விழுந்தபோது என்னால் முடியவில்லை. “சம்பந்தி, அந்தப் புழுவெல்லாம் இந்நேரம் வெந்திருக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

மேசைக்கு அடியில் மனைவியின் கால் என் காலை மிதித்தது. சம்பந்தி பாயசக் கரண்டியோடு நின்றார். “எப்படி வேகும்? அதான் குளிர்வண்டியாச்சே?”

“எஞ்சின் நின்னா குளிரும் நின்னுடும்.”

அவர் முகம் மாறியது. “ஹார்பர்ல குளிர்ப் பொட்டிய இறக்கின உடனே பிளக்கச் சொருகிடுவாங்க லா. உங்க வண்டியும் தன்னால ஓடிக்கிட்டு இருக்கும்னு நெனச்சிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே கையைக்கூடத் துடைக்காமல் வெளியே ஓடினார். நானும் எச்சில் கையோடு பின்னால் ஓடினேன். கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வந்தது குளிர் இல்லை, வெதுவெதுப்பு. பெட்டிக்குள் இருந்த ஐஸ் பைகள் தளர்ந்து, வெறும் தண்ணீர்ப் பைகளாகக் கிடந்தன.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க அந்த அதிகாரி ஒரு வழி சொல்லியிருந்தார்: துளிப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நெளிந்தால் உயிர். ஊசி மாதிரி விறைத்துக் கிடந்தால் போய்விட்டது. அந்த வீட்டில் புழங்குவதெல்லாம் எவர்சில்வர் டம்ளர்தான். அதற்குள் எதைப் பார்ப்பது? கண்ணாடி என்றால் ஷோகேஸில் இருந்த ஆறு குவளைகள் மட்டும்தான். நாங்கள் சீராகக் கொடுத்தவை. விரல்கூடப் படாமல், பூப்போட்ட துணிமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் மகள் மாமியார் முகத்தைப் பார்த்தாள். சம்பந்தியம்மா ஒரு பெருமூச்சு விட்டு, ஷோகேஸைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினார். “எடுத்துக்கோ. உங்க அப்பா கொடுத்த சீரு. உங்க அப்பா கொண்டாந்த புழு.”

இப்படித்தான் ஐந்து பேரும் அந்தக் குவளையைச் சுற்றி நின்றோம். மகள் நெடுநேரம் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். “பாதிக்கு மேல நேராக் கெடக்குப்பா” என்றாள். அவள் குவளையை லேசாகச் சுழற்றினாள். “இந்தா, இது நெளியுது. இதுவும். மாமா, பாருங்க.” சம்பந்தி குனிந்து பார்த்தார். கூண்டிலிருந்து கீழே பார்த்தே பழகிய கண். அதே நிதானத்தோடு பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “பாதி ஆளு வந்தாலே ஹார்பர்ல வேலை நடந்திருக்கு சம்பந்தி. இருக்கிறத வச்சிக் கப்பல அனுப்புவோம்” என்றார். நான் “ஒருவேளை...” என்று தொடங்கினேன். விரல் வட்டம் போட்டது.

எல்லாக் கன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தால் எதற்கும் பத்தாது என்று அவர் முடிவு செய்தார். கீழ் வரிசைதான் மோசமாக இருந்தது. இருக்கிற உயிரையெல்லாம் அதற்கே கொடுப்பது. மேல் வரிசைக்கு அடுத்த மாதம் இன்னொரு பொட்டலம். வெயில் இறங்கியதும் மண்ணை நனைத்துவிட்டு, முதுகில் மாட்டுகிற தெளிப்பானின் மூக்கில் இருந்த மெல்லிய வலையைக் கழற்றி எடுத்தோம். இல்லையென்றால் புழுக்கள் அதிலேயே மாட்டிக்கொள்ளும். தொட்டியைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் புழு அடியில் தங்கிவிடும். அதனால் சம்பந்தி தோளை ஆட்டி ஆட்டி நடந்தார். “மாமா தைப்பூசத்துக்கு முன்னாடியே காவடி எடுத்துட்டாரு” என்று மகள் சிரித்தாள். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். நடந்ததைக் கேட்டார். “பாதி செத்ததையா தெளிக்கிறீங்க?” என்று மட்டும் சொன்னார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்க ஆரம்பித்தார். நாங்கள் முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எல்லாவற்றையும் மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்று நான் பதறினேன். “அடிச்சிக்கிட்டுப் போகாது, உள்ள இறக்கிவிடும்” என்றார் சம்பந்தி. மழையில் நனைந்துகொண்டு நின்ற அந்த மனிதரின் நம்பிக்கையில் கொஞ்சத்தை அன்று நானும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்றுவரை அது என்னிடம் இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து, தயிர் இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது. “சம்பந்தி, செகப்பு! செங்கல் செகப்பு!” என்று கத்தினார். இந்த வகை நூற்புழு புகுந்து செத்த வேர்ப்புழு சிவந்துபோகும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். கீழ் வரிசையில் தோண்டிய இடமெல்லாம் சிவந்த புழுவாம். தான் தோண்டவில்லை, மகன்தான் தோண்டினான் என்று இரண்டு முறை சொன்னார். தீபாவளிக்குள் கீழ் வரிசையில் புதுத் துளிர் விட்டது. மேல் வரிசையில் சில கன்றுகள் போயின. மிச்சம் இரண்டாவது பொட்டலத்தால் பிழைத்து நின்றன. மாப்பிள்ளை டுரியானைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. போன கன்றுகளின் குழியில் அவரே புதுக் காப்பிக் கன்று வாங்கி வந்து வைத்தார். சம்பந்தி அதைப் பார்த்தும் பாராதது மாதிரி நின்றார். பாராங்கு தீட்டப்படாமலே பரணில் கிடந்தது.

சம்பந்தி இப்போது இல்லை. போன வருஷம், காலையில் காப்பி குடித்து முடித்த கையோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வருஷா வருஷம் வண்டு பறந்து அடங்கியதும் நூற்புழு கொண்டுபோவது என் வேலையாகவே ஆகிவிட்டது. அவர் இல்லாமல் முதல் முறையாக, கடந்த சனிக்கிழமைதான் பெட்டியோடு போனேன். வாசலில் நின்று கை காட்ட ஆளில்லாத வீட்டில் வண்டியை எப்படி நிறுத்துவது என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். நிறுத்தி, பழக்கதோஷத்தில் சாவியில் கை வைத்தேன். சம்பந்தியம்மா உள்ளேயிருந்து வேகமாக வந்தார். “எஞ்சின நிறுத்தாதீங்க! முதல்ல பொட்டி, அப்புறம் சோறு. சோறு எங்கயும் ஓடிராது.” மகள் பெட்டியை வாங்கி நேராக அடுப்படிக்குப் போனாள். ஐஸ்பெட்டியில் கீழ்த்தட்டு முழுக்கக் காலியாகத் துடைத்து வைத்திருந்தது.

ஷோகேஸில் ஐந்து குவளைகள் அதே பூப்போட்ட துணிமேல் இருந்தன. ஆறாவது அடுப்படி ஜன்னலில் நின்றது. அதற்குள் அவருடைய பூதக்கண்ணாடி. அந்தக் குவளையில் அன்றிலிருந்து யாரும் எதுவும் குடித்ததில்லை. மகள் தண்ணீர் ஊற்றி, பொடியைக் கலக்கி, அடியில் வெளிச்சம் பிடித்தாள். நாங்கள் குனிந்து பார்த்தோம். தோட்டத்துப் பக்கம் தலை நிமிர்ந்து நின்ற காப்பி மரங்களுக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. மேகம் ஒன்றுகூட இல்லை. “ஒருவேளை இன்னிக்கு மழை வராமப் போயிட்டா...” என்றேன்.

சம்பந்தியம்மா ஈரக் கையின் விரலைத் தரையைப் பார்க்க நீட்டிச் சின்னதாக வட்டம் போட்டார். மற்றக் கை அதற்குமேல் அசையாமல் நின்றது. குவளைக்குள் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன.